சிகரெட் பேணிக்குள் ஆறு ஊசிகள்

என் மேசையில் ஒரு சிகரெட் பேணி இருக்கிறது. வட்டத் தகரப் பேணி, மூடியெல்லாம் துரு. தாதிப் பயிற்சிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் முதல் வகுப்பில் அதை எடுத்துக் குலுக்குவேன். கிலுகிலு என்று சத்தம் வரும். இனிப்பாக்கும் என்று முன்வரிசை சிரிக்கும். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் கால் பெடலைத் தேடும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பயிற்சி மாணவிகளில் என்னையும் இன்னொருத்தியையும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். உருத்திரபுரத்திலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் மாட்டுவண்டியில் நோயாளிகள் வருவார்கள். அப்போது ஊசி என்பது ஒரு தரம் குத்திவிட்டு எறிகிற சாமான் இல்லை. அவித்து, கல்லில் தீட்டி, மறுபடி குத்துவோம். காலை வேலை முடிந்ததும் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் 'உடைந்தது' என்று எழுதிவிட்டால் சரி, ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்க ஒரு டோபி வருவார். முப்பது வயதிருக்கும். வலது கையின் ஆட்காட்டி விரல் மடங்காது. பிறவியிலேயே அப்படித்தான் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

அன்று காலை, தொடையில் கட்டி பழுத்துக் கிடந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரருக்குச் சீழ் எடுத்தேன். ஊசியைக் கழற்றிக்கொண்டிருக்கையில் மனுஷன் கண்ணைச் செருகிக்கொண்டு கட்டிலிலிருந்து சரிந்தார். தாங்க இரண்டு கையும் வேண்டும். எங்கள் வீட்டில் தைக்கிற ஊசி காணாமற் போகாமல் இருக்கக் கிடுகுத் தட்டியில் குத்தி வைப்போம். கை தன்பாட்டில் அதையே செய்தது. சீழ் ஊசியை விரிப்பின் ஓரத்தில் குத்திவிட்டு அவரைப் பிடித்தேன். பிறகு மறந்தே போனேன்.

எண்ணும்போது ஒன்று குறைந்தது. "உடைஞ்சது எண்டு எழுதிவிடடி, ஆர் பாக்கப் போகினம்?" என்றாள் கூட வந்தவள். பேனையை எடுத்தும்விட்டேன். அப்போதுதான் அந்தக் கட்டில் கண்ணில் பட்டது. புது விரிப்பு! பழையது டோபியின் மூட்டையோடு குளத்துக்குப் போய்விட்டது. அதை அவிழ்க்கப்போவது அவருடைய வெறுங்கை.

வாசலில் அப்போதிக்கரி ஐயாவின் சைக்கிள் நின்றது. ஆஸ்பத்திரிக்கே பொறுப்பானவர் அவர். கேட்கவில்லை. கவுணைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அண்ணனின் சைக்கிளில் பின்வளவுக்குள் களவாகப் பழகிய வித்தை, றோட்டில் ஓடியது அன்றுதான் முதல். தொப்பி பறந்தது. எதிரே வந்த ஒருவர் உழவு மெசினை நிற்பாட்டிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். உண்மையைச் சொன்னால், அத்தனை பயத்துக்குள்ளும் எனக்கு ஒரு புளுகம், ஒரு குதூகலம், இப்படியும் என்னால் ஓட முடிகிறதே என்று!

குளத்தில் டோபி தான் வெளுக்கிற கல்லில் மூட்டையை வைத்து முடிச்சில் கை வைத்திருந்தார். குளக்கட்டில் நின்றபடியே கத்தினேன்.

"அண்ணை! கை வையாதேங்கோ! வெளியில வாங்கோ!"

அதுவரை டோபி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணை என்று வாயில் வந்தது அன்றுதான்.

வன்னிக் குளத்தில் அப்படிக் கத்தினால் ஒரே அர்த்தந்தான். "முதலை! முதலை!" குளித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் அலறியடித்துக் கரையேறியது. ஒரு கிழவர் சவர்க்கார நுரையோடு மருதமரத்தடிக்கு ஓடினார். டோபியோ மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டல்லவா ஓடிவந்தார்! ஆஸ்பத்திரித் துணியாம், முதலைக்கு விடலாமா? எனக்கு உயிர் போய் வந்தது.

"எங்கை மிஸி முதலை?"

"முதலை இல்லை அண்ணை, மூட்டைக்குள்ள ஊசி. நான்தான் விட்டனான்."

சனம் என்னைத் திட்டித் தீர்த்தது. அவர் மட்டும் மூட்டையை மெல்ல இறக்கினார். தடியால் விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கினோம். ஐந்தாவதில், கொஞ்சம் வளைந்துபோய், வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அவர் மடியிலிருந்து இந்தப் பேணியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே ஐந்து ஊசிகள். என்னுடையதையும் போட்டு மூடினார்.

"முதலை எண்டா ஆரும் ஓடிவந்து சொல்லுவினம், மிஸி. இதுக்கு இண்டைக்குத்தான் ஒரு ஆள் வந்திருக்கு." விறைத்த விரலைக் காட்டினார். "இதில ஊசி ஏறினது நீங்கள் வந்த புதிசில. ஆருடையதெண்டு நான் கேக்கேல்லை."

தலைமைத் தாதியான பெரிய மிஸியிடம் நானே போய்ச் சொன்னேன். வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அடுத்த நாளிலிருந்து, மூட்டை கட்டுமுன் ஒவ்வொரு விரிப்பையும் சீமெந்துத் தரையில் உதறினேன். அவர் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். "ஓம், சரி" என்றால்தான் அடுத்தது. பிறகு ஒரு விரிப்பிலிருந்தும் சத்தம் வரவில்லை. நான் திரும்பும் நாளில் பேணியை என்னிடம் தந்து, "இனி இது எனக்குத் தேவைப்படாது" என்றார். பஸ் நெடுகிலும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இப்போது வார்டுதோறும் மஞ்சள் பெட்டி. குத்திய ஊசி நேரே அதற்குள் போகிறது. பிள்ளைகள் பேணிக்குள் எட்டிப் பார்ப்பார்கள், கை வைக்க விடமாட்டேன். "மிஸ், இதில எது நீங்கள் விட்டது?" என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். வளைந்திருப்பதைக் காட்டுவேன். மற்ற ஐந்தில் ஒன்றும் என்னுடையது இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.