அலமாரிக்குள் வளர்ந்த முளைப்பாரி

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். ஹெட்மாஸ்டர் சிபாரிசு செய்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு உப்பிலியபுரத்துக்கே பஸ் ஏற வேண்டும். அங்கே என் அத்தை மகன் ஒருவர் கடலை மண்டி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் அவரைக் கண்டால் எனக்குப் பேச்சே வராது. எனக்கே பேச்சு வராது என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்பது கத்துவது. "செடிக்கு மண், நீர், காற்று, வெளிச்சம் தேவை" என்று நான் ஒரு தரம் சொல்ல, பிள்ளைகள் பத்துத் தரம் சொல்ல வேண்டும். பாடம் நடப்பது தன் அறை வரைக்கும் கேட்டால்தான் ஹெட்மாஸ்டருக்கு நிம்மதி. ஒருநாள் நடுவில் நிறுத்தி, "வெளிச்சம் இல்லாட்டி செடி என்ன ஆகும்?" என்று கேட்டேன். "செடிக்கு மண், நீர், காற்று, வெளிச்சம் தேவை!" என்று வகுப்பே அலறியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பிள்ளைகள் மேல் இல்லை, என் மேலேயே. கிளிகளை வளர்க்கவா டிரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் பட்டினி கிடந்தேன்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து, ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு பிடி பாசிப்பயறும் கொண்டுவரச் சொன்னேன். ஆற்றங்கரை மண்ணைக் குழைத்து நிரப்பினோம். அன்றைக்கு வகுப்பு இருந்த கோலத்தைப் பார்த்தால் எருமை மாடுகூடத் தயங்கி நின்றிருக்கும். அவரவர் கொட்டாங்குச்சியை அடையாளம் காண அவரவர் ஒரு பொருளை மண்ணில் செருகினார்கள். ஒருவன் புளியங்கொட்டை, ஒருத்தி கோழி இறகு. வளையல்காரர் மகள் ஒரு சிவப்பு வளையல் துண்டைச் செருகினாள். பெரிய கடை வீதிப் பக்கம் அவள் அத்தாவுக்கு வளையல் வியாபாரம். கேட்டால் ஒழிய வாயைத் திறக்காத பெண்.

பாதிக் கொட்டாங்குச்சிகள் ஜன்னலில் இருந்தன. மீதிப் பாதி, அவளுடையதும் சேர்த்து, என் மர அலமாரிக்குள். அலமாரிக்குக் கடுமையான சட்டம் போட்டேன். உள்ளே வெளிச்சமே போகக் கூடாது, சாயங்காலம் மணி அடிக்கும் முன் கதவை ஒருக்களித்து ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். "யாராவது வெளிச்சம் காட்டினீங்க, காதைத் திருகிடுவேன்" என்றேன். ஜன்னலில் பயிர் குட்டையாக, பச்சையாக வந்தது. அலமாரிக்குள் நெட்டை நெட்டையாக, வெளிறிய மஞ்சளில் வந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஏன் மஞ்சள், ஏன் நெட்டை என்று வீட்டில் நச்சரித்ததாக அம்மாக்கள் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் மிகவும் ரசித்த புகார் அதுதான்.

எனக்கு வியப்பளித்தவர் பள்ளிக்கூடத்து ஆயா. முதல் நாள் மண்ணைப் பார்த்து என்னை வாய்க்கு வந்தபடி வைதவர், மஞ்சள் பயிரைக் கண்டதும் அடியோடு மாறிப்போனார். அலமாரியைத் தினமும் துடைத்தார். பக்கத்தில் யாரும் சத்தம் போட்டால் அதட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை அலமாரிக் கதவில் குங்குமப் பொட்டு இருந்தது. விஞ்ஞானத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன். மடத்தனம், வேறென்ன.

ஹெட்மாஸ்டர் மட்டும் மசியவில்லை. "ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் டெபுடி இன்ஸ்பெக்டர் வராரும்மா. அவர் முன்னாடி இந்த மண்ணு விளையாட்டை நடத்திக் காட்டுங்க. அவருக்குப் பிடிச்சிருந்தா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன். இல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. காட்டத்தான் அலமாரி நிறைய இருக்கிறதே!

ஆடிப் பதினெட்டு அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. ஸ்ரீரங்கத்தில் என் சித்தி வீட்டில்தான் தங்கியிருந்தேன். சித்தியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காவேரி இரு கரையும் தொட்டு ஓடியது. பெண்கள் காதோலை கருகமணியும் பூவும் விட்டார்கள், தலையில் சுமந்து வந்த முளைப்பாரியை ஆற்றில் இறக்கினார்கள். நடு ஆற்றில் ஏதேதோ மிதந்து போனது. நானும் கும்பிட்டுவிட்டு, தேங்காய்ச் சாதமும் புளிச் சாதமும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து தூங்கினேன்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். காலி. சூடம் வாசனை வந்தது. ஜன்னலைப் பார்த்தேன், அதுவும் காலி.

ஆயா சிரித்த முகத்தோடு வந்து என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். "பிரசாதம் டீச்சரம்மா. நேத்து எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஓடத்துறைக்குப் போயி, ஒரு கொறையும் இல்லாம விட்டுட்டு வந்துட்டேன். நீங்க அக்கரையில இருக்கீங்க, வர முடியாதுன்னு நானே பாத்துக்கிட்டேன்."

"எதை விட்டீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? மொளப்பாரியத்தான். ஆடி மாசம் பயறு போட்டீங்க, இருட்டுல மூடி வச்சு மஞ்சளா வளத்தீங்க, யாரையும் தொட விடல. பதினெட்டுக்கு ஆத்துல விடாம பின்ன வீட்டுலயா வச்சுக்குவாங்க?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். அங்கே காவேரி ஏது? ஆடியில் எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்ப்பார்கள், ஆற்றைப் பார்க்க மாட்டார்கள். முளைப்பாரி என்றால் எங்களுக்கு மாரியம்மன் திருவிழாதான். ஆற்றங்கரை ஊரில், ஆடி மாதத்தில், பயற்றை இருட்டில் வளர்த்துவிட்டு அதை விஞ்ஞானம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆயா மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாள் குளித்து, தலைமுடிந்து, விரதம் இருந்து செய்திருக்கிறார். கையில் வாழைப்பழத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடலை மண்டி கண் முன்னால் வந்து நின்றது.

டெபுடி இன்ஸ்பெக்டர் குடையோடும் பளபளக்கும் ஷூஸோடும் வந்தார். சிரிக்கப் பணம் கேட்பவர் போலிருந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர். "ஏதோ பயிர் வச்சிருக்கீங்களாமே, எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன் வரிசைப் பையன் எழுந்து, "காவேரிக்குப் போயிடுச்சு சார்" என்றான்.

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நடந்ததை நான் சொன்னேன். "காட்ட ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "செடிக்கு என்னென்ன தேவை, சொல்லுங்க பார்க்கலாம்."

வழக்கமாக அலறுகிற வகுப்பு அன்று அலறவில்லை. "அலமாரிச் செடிக்கா, ஜன்னல் செடிக்கா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அலமாரிச் செடிக்கு வெளிச்சமே இல்லை, ஆனாலும் முளைத்ததே என்றான் இன்னொருவன். முளைத்தாலும் நிற்க முடியாமல் சாய்ந்ததே என்றாள் இறகுக்காரி. "வெளிச்சத்தைத் தேடித்தான் நெட்டையாச்சு" என்றான் புளியங்கொட்டைக்காரன், தானே செடி மாதிரி கழுத்தை நீட்டி எக்கிக் காட்டியபடி. ஒரே இரைச்சல். எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்ஸ்பெக்டர் முகம் மட்டும் இளகவில்லை. "பேச்செல்லாம் சரி. கண்ணால பார்த்தாத்தானே நம்ப முடியும்?" என்றார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் விசும்பல் கேட்டது. வளையல்காரர் மகள். பாவாடைக்கடியில் எதையோ மறைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நா விடல டீச்சர்" என்றாள். "ஆயாம்மா ஆத்துல விடச் சொன்னாங்க. நாளைக்கு டீச்சர் கேப்பாங்கன்னு நா விடல. அத்தா படித்துறையில வளையல் கடை போட்டிருந்தாங்க. அங்க கொண்டு வச்சுட்டேன். ஆனா…"

"ஆனா என்னம்மா?"

"நாள் பூரா வெயில் பட்டுடுச்சு. வெளிச்சம் காட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. கெட்டுப்போச்சு டீச்சர்." காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பாவாடைக்கடியிலிருந்து கொட்டாங்குச்சியை எடுத்தேன். சிவப்பு வளையல் துண்டு மண்ணில் அப்படியே நின்றது. பயிர் அதே நெட்டைதான், ஆனால் நுனியெல்லாம் பச்சை.

"மஞ்சளாத்தானே இருந்துச்சு! மஞ்சள் பச்சையாயிடுச்சு சார்!" என்று எல்லாரும் பெஞ்சைத் தாண்டி ஓடிவந்தார்கள். நான் திட்டம் போடாத பாடம் அது. எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணின் காதிலிருந்து கைகளை எடுத்துவிட்டு, "கெடல கண்ணு, நீதான் காப்பாத்தியிருக்கே" என்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் கொட்டாங்குச்சியை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இதை மறுபடி இருட்டுல வச்சா?" என்றார். மறுபடி மஞ்சளாகும் என்றது பாதி வகுப்பு, ஆகாது என்றது மீதி. அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியாது சார். வச்சுப் பார்க்கணும்" என்றேன்.

இன்ஸ்பெக்டரிடம் ஒரு டீச்சர் தெரியாது என்று சொன்னதை ஹெட்மாஸ்டர் அதற்கு முன் கேட்டதில்லை போலும். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரோ கொட்டாங்குச்சியை அவரே கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினார். "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன். டீச்சர் இருப்பாங்க இல்ல?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். "இருப்பாங்க சார், இங்கேயேதான் இருப்பாங்க" என்றார் அவர். அத்தை மகனுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நானும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

சொன்னபடி அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். குடையைக்கூட மடக்காமல் நேரே அலமாரிக் கதவில் கை வைத்தார். எங்கிருந்தோ ஓடிவந்த ஆயா, "சார், சார்! செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். குனிந்து ஷூஸைக் கழற்றினார்.

"வரிசையில வாங்க சார். ஒவ்வொருத்தராத்தான் பாக்கணும்" என்றது ஒரு குரல். வளையல்காரர் மகள்தான். யாரும் கேட்காமலே வாயைத் திறந்திருந்தாள். டெபுடி இன்ஸ்பெக்டர் வெறுங்காலோடு போய் அவளுக்குப் பின்னால் நின்றார்.