திட்டுகிற டெய்லருக்குக் கிடைத்த விளம்பரம்

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் நான் தையல் கடை திறந்தபோது, விளம்பரப் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் விழுப்புரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வியாபாரத்தில் அவருக்கு இருந்த அனுபவம், மற்றவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். அதனால் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் யோசனை, ஒரு பிளவுஸ் தைத்தால் ஒரு பிளவுஸ் துணி இலவசம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வீட்டில் கிடந்த பழைய துணியை என்னிடம் தைக்கக் கொடுத்தார்கள். இலவசத் துணியை வாங்கி, அவரவர் வழக்கமாகத் தைக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த மாதம் அடுத்த தெரு டெய்லருக்கு நல்ல வியாபாரம். என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கத் தொடங்கினார்.

பிறகு என் கணவர் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்கு நடந்து போகிறவர்களுக்குக் கடைப் பெயர் அச்சடித்த அட்டை விசிறி கொடுத்துப் பார்த்தார். காற்று நன்றாக வருகிறது என்று பலர் சொன்னார்கள். தைக்க யாரும் வரவில்லை. கடை அதுபாட்டுக்கு நடந்தது. நேராகத் தைத்தால் போதும், நாலு பேர் வருவார்கள் என்று நான் சொன்னால், "நீ இன்னும் அந்தக் காலத்துலயே இருக்க" என்பார்.

பதினைந்து, பதினாறு வருஷம் கழித்து ஊரெல்லாம் வலைப்பூ எழுதும் ஜுரம் வந்தது. இவரும் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சிறுகடைக்காரர்களுக்கு வியாபார யோசனை சொல்லும் வலைப்பூ ஒன்று ஆரம்பித்தார். குவைத்திலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் என்று படித்தார்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் முதலில் கருத்து எழுதுகிறவர் 'வடை எனக்குத்தான்' என்று போடுவார். முதலில் வந்தவருக்கே வடை என்பது அப்போது ஒரு விளையாட்டு. படித்தேன் என்பதற்கு அதுவே சாட்சி.

"குவைத்துக்காரரு பிளவுஸ் தைக்கத் திண்டிவனம் வருவாரா?" என்று கேட்டேன்.

"இது பிராண்டு. உனக்குப் புரியாது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. என் மெஷினுக்கு மோட்டார் போட்டிருந்தேன். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தை மாதம், கல்யாண சீசன். ஒரு நாள் காலையில் மயிலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளின் கல்யாண பிளவுஸ் துணியோடு வந்தார்.

"நாளைக்குக் காலையில வேணும்மா. சாயந்தரம் பொண்ணழைப்பு."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "கல்யாணம் முடிவாயி நாலு மாசம்ன்ற. பந்தல் போட்டு, பத்திரிகை வெச்சி, சமையலுக்கு ஆளு சொல்லி எல்லாம் பண்ணிக்கினு, கடைசியா இதை எடுத்துக்கினு வர்றியே! மணவறையில பொண்ணு உன் பத்திரிகையையா போட்டுக்கினு உக்காரப் போவுது? கரண்டு இல்ல. இந்தத் துணிக்கு இந்த லைனிங் எவன் குடுத்தான் உனக்கு? ஒரு தடவை தண்ணியில போட்டா சுருங்கிப் பூடும்!"

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. துணியை வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே வைக்க வேறு லைனிங் துணி வாங்கிவரச் சொல்லி, மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்தே தைத்தேன். சொன்ன நேரத்துக்குக் கொடுத்தேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் நான் திட்டியதை மட்டும் கேட்டிருக்கிறார். மிதித்துத் தைத்தபோது அவர் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய அடுத்த பதிவு, 'வாடிக்கையாளரை விரட்டுவது எப்படி?' கடையின் பெயரைப் போடவில்லை. மனைவி என்றும் எழுதவில்லை. திண்டிவனம், பெண் டெய்லர் என்று மட்டும் எழுதி, நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் போட்டிருந்தார். இப்படிப் பேசினால் கடையை மூட வேண்டியதுதான் என்று பாடமும் சொல்லியிருந்தார்.

எனக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் வானூரிலிருந்து கல்லூரியில் பாடம் நடத்தும் பெண் ஒருவர் வந்தார். "இந்தக் கடையாத்தான் இருக்கும்னு விசாரிச்சிக்கினு வந்தேங்க. திட்டுறவங்க நீங்கதானே?"

"யாரும்மா சொன்னது?"

கைப்பையிலிருந்து பதிவை அச்செடுத்த தாளை எடுத்துக் காட்டினார். அடியில் வழக்கமான வடைக்குப் பிறகு வரிசையாகக் கருத்துகள். 'அந்தம்மா சொன்னதில் என்ன தப்பு?', 'லைனிங் சுருங்கும் என்று எந்த டெய்லர் சொல்கிறார்?', 'கடை எங்கே?' பதிவு எழுதியவருக்கு ஆதரவாக ஒருவர்கூட எழுதவில்லை.

சாயங்காலம் கணவர் வந்ததும் தாளை அவர் முன்னால் வைத்தேன். முகம் வெளுத்தது. "ஆள் வந்தாங்களா?" என்றார்.

"வந்தாங்க. மூணு பிளவுஸ் குடுத்துட்டுப் போனாங்க."

வெளுத்த முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா? இதுதான் மார்க்கெட்டிங்!"

அதற்குப் பிறகு விழுப்புரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். எனக்கோ, தெரிந்தே வந்து நிற்கிறவர்களைத் திட்ட வாய் வரவில்லை. வெயிலில் வந்திருக்கிறார்களே என்று தண்ணீர் கொடுத்தேன். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் அளவு கொடுத்து முடித்தும் போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றீங்களேக்கா? எங்க வீட்டுக்காரரு அதைக் கேக்கத்தான் லீவு போட்டு வந்தாரு."

வெளியே அவள் கணவர் செல்போனைப் பதிவுசெய்யத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் திட்டு தானாகவே வந்துவிட்டது. இரண்டு பேரும் மனநிறைவோடு போனார்கள்.

மயிலத்து அம்மாவும் ஒரு நாள் வந்தார். "உன் ஊட்டுக்காரரு என்னைப் பத்தி ஊரு உலகமெல்லாம் எழுதிப்புட்டாராமே? துபாயிலேர்ந்து என் தம்பி போன் பண்றான்."

"மன்னிச்சிக்கம்மா, எனக்கே தெரியாது."

"அது கெடக்குது. எழுதுனவரு, பிளவுஸு டைமுக்கு வந்துச்சு, பொண்ணு லட்சணமா இருந்துச்சுன்னு ஒரு வரி போடக் கூடாதா?" என்று சொல்லி, இரண்டாவது மகளின் கல்யாணத்துக்கான துணியைப் பிரித்து வைத்தார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மற்றவர்களும் அப்படித்தான். திட்டு விழும் என்ற பயத்தில் எல்லோரும் முன்கூட்டியே வந்தார்கள். அந்த வருஷம்தான் நான் பதறாமல் தைத்தேன். திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அந்த அம்மா கேட்ட வரியைக் கணவர் எழுதவேயில்லை. பாடம் கெட்டுப்போகுமாம். கொஞ்ச காலத்தில் எல்லோரும் முகநூலுக்குப் போய்விட, வலைப்பூவை அப்படியே விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பதிவால் கிடைத்த பெயரை வைத்து, விழுப்புரத்தில் கடைக்காரர்கள் சிலர் கூடிய ஒரு கூட்டத்தில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார்.

"எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசுவதன் அவசியம்" என்றார்.

நானும் வர வேண்டும் என்றார்கள். தைக்க வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பேச்சு நன்றாக இருந்ததாம். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். துணி நல்ல கனம். ஓரம் மட்டும் பிரிந்திருந்தது, அதை மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.