தன் படத்துக்குத் தானே கைதூக்கியவர்

வெள்ளிக்கிழமை காலை நம் புகைப்படக் குழுவின் வாட்ஸ்அப்பில் இப்ராகிம் பாயின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'அத்தா இன்று காலை மௌத்தாகிவிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.' பாயின் அத்தா போய்ப் பல வருடம் ஆயிற்றே, இவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் எழுதியது அவர் மகன் என்பது உறைத்தது. வகுப்புக்குக் கிளம்பியவள் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செய்திக்கு நேர் மேலே, இந்த மாதப் போட்டிக்கான வாக்கெடுப்பு திறந்தே கிடந்தது. அதை நடத்திக்கொண்டிருந்தவள் நான்.

நீங்கள் அநேகமாக எல்லோரும் பாயை அறிந்தவர்கள். பாதிப் பேர் இப்போது என்மேல் கோபமாகவும் இருக்கிறீர்கள். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினீர்கள், நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குழம்பிப் போயிருப்பவள் எழுந்து நின்று என்ன பேசுவது? எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாய்க்குச் சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை. நம் குழு கூடுகிற லாரி புக்கிங் ஆபீஸ் மாடியை நமக்குப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். ஆளுக்கு ஒரு படம், அப்புறம் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய படம் அடுத்த கூட்டம் வரைக்கும் அந்த மாடிச் சுவரில் தொங்கும். பரிசு அவ்வளவுதான். அந்த ஓர் ஆணிக்குத்தான் இத்தனை அடிதடியும்.

அப்போதெல்லாம் கைதூக்கித்தான் ஓட்டு. பாய் ஒரு கிழிந்த தார்ப்பாயைப் படமெடுத்துக் கொண்டுவந்திருந்தார். "இந்தப் படத்துக்கு யாரு?" என்று கேட்டதும் ஒரே ஒரு கை எழுந்தது. அது அவருடையது. தயங்கித் தயங்கித் தூக்கிய கை இல்லை, பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி முழுதாக நீட்டிய கை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கூச்சமா இல்லீங்களா பாய்?" என்றேன்.

"எதுக்குங்க கூச்சம்? நல்லாருக்குதுன்னுதான கொண்டாந்தேன். நல்லால்லீன்னா ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருப்பனுங்களே."

நான் சும்மா விடுகிற ஆளா? அடுத்த கூட்டத்திலேயே, சொந்தப் படத்துக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தன் படத்தைப் பார்க்கும்போது நமக்குப் படம் தெரியாது, அதற்காக வெயிலில் நின்ற நம் வேர்வைதான் தெரியும், அதனால் அதற்கு நாம் நீதிபதி ஆக முடியாது என்பது என் கட்சி. பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டீச்சர், நீங்க எலெக்சன் டூட்டி பாக்கறவங்க. வேட்பாளர் தனக்கு ஓட்டுப் போட வந்தா மை வெக்காம திருப்பி அனுப்பிருவீங்களா?"

"அங்கே ஆளைத் தேர்ந்தெடுக்கறோம். இங்கே எது நல்ல படம்னு தீர்ப்பு சொல்றோம். ரெண்டும் ஒண்ணா?"

"செரிங்க, தீர்ப்புன்னே வெச்சுக்குவோம். உங்க படந்தான் நல்ல படம்னு உங்க மனசுக்குத் தெரியுது. அதை உட்டுப்போட்டு, அதுக்குக் கீழ இருக்கற படத்துக்குக் கை தூக்கறீங்க. அது பொய்யுங்களா இல்லீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குள் டீ வந்துவிட, என் தீர்மானத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். அன்றிலிருந்து என் விதியை நான் ஒருத்தி மட்டும் கடைப்பிடித்தேன், அவர் விதியை அவர் கடைப்பிடித்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது "பொய் சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று மாதாமாதம் கேட்பார். "நீங்க உங்களுக்கே மாலை போட்டுக்கிட்டீங்களா பாய்?" என்று நானும் கேட்பேன்.

ஓட்டு வாட்ஸ்அப்புக்கு மாறிய பிறகு ஒரு விநோதம் நடந்தது. யார் எதற்குப் போட்டார்கள் என்று அதில் பெயரோடு தெரியும் அல்லவா? சில மாதங்கள் பாயின் பெயர் வேறு யாருடைய படத்துக்கோ கீழே இருக்கும். என் படத்துக்குக் கீழேயும் இருந்திருக்கிறது. "என்ன பாய், கொள்கை மாறிப் போச்சா?" என்று கேட்டால், "கொள்கை அப்படியேதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். அடுத்த மாதம் மறுபடி தன் படத்துக்கே போட்டிருப்பார். இந்த மனிதர் என்ன கணக்கில் போடுகிறார் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவருக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்து சேலத்தில் படுத்திருந்தபோது நாம் செய்த காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் அவர் அனுப்பியிருந்தது கை ஆடிப்போய் எடுத்த படம். லாரியா எருமையா என்றே தெரியாது. ஆனாலும் ஒருவர் விடாமல் அதற்கே போட்டோம், நானும்தான். தேறி வந்தவர் மாடியேறினார், சுவரைப் பார்த்தார், படத்தை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கியாந்தீங்க, தின்னேன். ஓட்டையும் பழமாட்டக் கொண்டாந்தா எப்புடீங்க? எனக்கு அனுதாப ஓட்டு வேண்டாம். படத்தைப் பாத்துப் போடுங்க. யாருமே போடலீன்னாலும் செரி."

இந்த மாதத்து விஷயத்துக்கு வருகிறேன். குமாரபாளையத்தில் சாயம் போட்ட நூலை மூங்கிலில் காயப் போட்டிருந்தார்கள். அந்த நிழலில் கோடுகோடாகப் படுத்திருந்த ஒரு நாய்தான் என் படம். பாய் எடுத்தது ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி. கண்ணாடிக்குள் சங்ககிரி மலை, கொஞ்சம் வானம், ஓரமாகத் தொப்பியும் கையில் போனுமாகப் பாய். "நீங்களே உள்ளே தெரியறீங்களே பாய், ஒதுங்கி நின்னிருக்கலாமே" என்று எழுதினேன். "ஒதுங்கித்தானுங்க நிக்கறேன், ஓரமாத்தான தெரியறேன்" என்று பதில் போட்டார். அவர் எனக்கு எழுதிய கடைசி வரி அது. வியாழக்கிழமை நிலவரப்படி நாய் முன்னால் இருந்தது. கண்ணாடிக்கு ஓர் ஓட்டுகூட இல்லை. அவரே இன்னும் போட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போய் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போனைத் திறந்தால், நாய்க்குப் போட்டிருந்த ஓட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு மாறிக்கொண்டிருந்தன. உங்கள் மனது எனக்குப் புரிந்தது. ஆனால் மேசைமேல் கவிழ்ந்து கிடந்த அந்தப் படத்தை நீங்கள் யாரும் நினைக்கவில்லையா என்றும் தோன்றியது. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கண்ணாடிக்கு இன்னொரு ஓட்டு விழுந்தது. போட்டவர் பெயர் இப்ராகிம் பாய்.

அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. உங்களில் ஒருவர் 'பாய் மேலேயிருந்து போட்டுட்டார்' என்று கும்பிடு போட்டு எழுதினீர்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொஞ்ச நேரத்தில் சிலிர்ப்பு போய் வாத்தியார் புத்தி வந்துவிட்டது. இதை யார் போட்டது? இது செல்லுமா? அந்த ஓட்டோடு இரண்டு படமும் சமம். பாக்கி இருந்தது என் ஓட்டு மட்டும்.

சனிக்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பாயின் மனைவி மைமூன் அக்கா, கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார். வெளி ஆண்கள் அவரைப் பார்க்க முடியாது, அதனால்தான் இனி நான் சொல்வது உங்களில் யாருக்கும் தெரியாது. ஓட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"டீச்சர், நேத்து ஓட்டுப் போட்டது நானுங்க. குத்தமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்தப் போன்ல எப்பவும் நாந்தானுங்க போடறது. எல்லாப் படத்தையும் காட்டுவாங்க. எது நம்முளுதுன்னு சொல்ல மாட்டாங்க. 'டீச்சர் சொல்றது செரிதான் மைமூனு, என் படத்துல எனக்கு வேர்வைதான் தெரியுது, நீ பாத்து அமுக்கு'ம்பாங்க. நான் எதை அமுக்குனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அவர் படம் எதுன்னு உங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"லாரி இருந்தா அதுதானுங்களே" என்றார். அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன். "தெரிஞ்சாலும் நல்லால்லீன்னா போட மாட்டனுங்க. உங்க படத்துக்கெல்லாம் போட்டிருக்கறேன்."

கள்ள ஓட்டு என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டால் வாக்குச்சாவடியில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனிதர் என் விதியை என்னைவிட ஒழுங்காக அல்லவா கடைப்பிடித்திருக்கிறார்! படியிறங்கும்போதெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றவர், வீட்டுக்குப் போய் என் கட்சிக்கே மாறியிருக்கிறார். அதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லாமலே போய்விட்டாரே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

"நேத்து மட்டும் நான் படம் பாக்கலீங்க" என்றார் அக்கா. "கண்ணாடிக்குள்ள அவுங்க நிக்கறாங்க. அமுக்கிட்டேன். நல்ல படமான்னு கேட்டா தெரியாதுங்க." பிறகு, "நீங்க போட்டாச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லை அக்கா."

"பாவம் பாத்துப் போட்றாதீங்க டீச்சர். நான் பொண்டாட்டி, நான் போடலாம். மத்தவங்க போட்டா அவுங்களுக்கு ஆகாது."

இதை மற்றவர்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. இனி சண்டைக்கா வரப்போறாங்க?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு வேலை ஓடவில்லை. பாய் படத்துக்குப் போட்டால் அவர் வேண்டாம் என்ற அனுதாப ஓட்டு. வேறு யார் படத்துக்காவது போட்டு நழுவியிருக்கலாம். சமம் என்றால் சீட்டுக் குலுக்குவோம், பழி சீட்டின் தலையில் போகும். என் படத்துக்குப் போட்டால் இத்தனை வருடம் நான் பேசிய பேச்சு என்ன ஆவது? இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாய்தான் நல்ல படம் என்று என் மனதுக்குப் பட்டது. அப்படிப் பட்ட பிறகு வேறு எதை அமுக்கினாலும், படியில் அவர் மாதாமாதம் கேட்ட கேள்விக்கு 'ஆமாம் பாய், சொல்லிட்டேன்' என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என் படத்துக்கே போட்டேன். கண்ணாடி ஓர் ஓட்டில் தோற்றது.

அடுத்த ஞாயிறு மாதக் கூட்டத்தில் முடிவை அறிவிக்கும்போது என் பெயரை நானே படித்தேன். யாரும் கைதட்டவில்லை. "டீச்சர், உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டீர்கள். "ஆமாங்க" என்றேன்.

நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சுவரில் நாய் தொங்குகிறது. ஒரு நாள் பார்த்தால் நல்ல படம்தான் என்று இருக்கிறது. இன்னொரு நாள் பார்த்தால், இது என் வேர்வைதானோ, புருஷனைப் பறிகொடுத்தவள் போட்ட ஓட்டை இதற்காகவா தோற்கடித்தேன் என்று தோன்றுகிறது. பாய் இருந்திருந்தால் இப்போது சொந்தப் படத்துக்குப் போடலாம் என்று நான் வாதாடுவேன், அவர் போடக்கூடாது என்று வாதாடுவார். யார் ஜெயித்திருப்போம் என்று தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டைதான். அதில் பாதியை அவர் பேசிக்கொண்டிருந்தார். இனி அதையும் நானே பேச வேண்டும்.