சமயமில்லாத சம்பந்தி வீடு

பனி இன்னும் கரையாத ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டின் கராஜில், குளிரங்கியை மாட்டிக்கொண்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கராஜில் அடுப்பு வைப்பது இங்கே புதினமல்ல. வாடை வீட்டுக்குள் ஏறாதிருக்க எங்களவர் பலரும் செய்வதுதான். புதினம் கிழமையில் இருந்தது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமையில் என் கை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. அன்றைக்கு மட்டும், வேற்றுச் சமயத்தார் ஒருவருக்கும் குறை வரக்கூடாது என்பதற்காக என் சமயத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, தாச்சியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விருந்துக்கு வரவிருந்தவர்கள் அவுஸ்திரேலியர்கள். எங்கள் மகள் அகல்யா மணக்க விரும்பிய லூக் என்ற பிள்ளை அடிலெய்டிலிருந்து ரொறன்ரோவுக்கு வேலைக்கு வந்தவன். அவனுடைய பெற்றோர் ஹெலனும் பிரையனும் எங்களைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறி வந்திருந்தார்கள். அவர்களுடைய சமயம் என்னவென்று மகளிடம் கேட்டபோது, "தே ஆர் நத்திங், அம்மா," என்றாள். அது எங்களைச் சமாளிக்கச் சொன்ன பேச்சென்றே எடுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் சமயம் இல்லாத மனிதரை நான் கண்டதில்லை. பெயரைச் சொன்னால் சமயம் தெரிந்துவிடும். பெயரில் ஐயம் இருந்தால் நெற்றியோ கழுத்தோ சொல்லிவிடும். வெள்ளைக்காரர் என்றால் வேதக்காரர், கிறிஸ்தவர்தான் என்பது எங்கள் மண்டையில் எழுதி வைக்கப்பட்ட ஒன்று. ஆகவே எங்கள் தெருவிலேயே இருக்கும் என் சிநேகிதி, மன்னாரைச் சேர்ந்த பிலோமினாவிடம் ஆலோசனை கேட்டேன்.

"இது தவக்காலமெல்லே. வெள்ளியிலை இறைச்சி தொடமாட்டினம். மரக்கறி மட்டும் வைச்சா விருந்து மாதிரி இராது. மீன் வை," என்றாள். "சாப்பிட முதல் நான் வந்து இங்கிலீசிலை ஒரு செபம் சொல்லிவிடுறன். சம்பந்தியள் குளிர்ந்து போவினம்."

நான் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் விருந்தாளிகள் அல்லர், என் கணவர். அதிர்ந்து பேசாத மனிதர். கலியாணப் பேச்சு எழுந்த அன்று மட்டும், தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சரப்பா, பிள்ளையை ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லி அவையள் கேட்டினமெண்டா நான் அந்த மண்டபத்துக்கு வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்." அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அது என் மாமனார் செல்லத்துரையின் குரல்.

என் கணவருக்கு ஓர் அக்கா இருக்கிறார். ராஜேஸ்வரி என்று பெயரிடப்பட்டவர், தன்னோடு படிப்பித்த கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று ரெஜினா ஆனார். அவர் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து நின்றபோது, மாமனார் எழுந்து சென்று கதவைச் சாத்தினார். அப்போது நான் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். கதவின் இந்தப் பக்கம் நின்று, வாசல் படலையை நோக்கித் திரும்பிப் போகும் செருப்புச் சத்தத்தைக் கேட்டேன். என் மச்சாளாகிய அவரும் கணவரும் பிறகு மெல்பேர்ணில் குடியேறினார்கள். மாமனார் இறக்கும்வரை அந்தப் பெயர் வீட்டில் பேசப்படவில்லை. எங்கள் பொங்கலுக்கும் யேசு பிறந்த நத்தாருக்கும் நான் மச்சாளுக்குத் தொலைபேசி எடுப்பேன். என் கணவர் பக்கத்திலேயே இருந்து கேட்பார். கருவியை நீட்டினால் எழுந்து போய்விடுவார். அக்காவோடு பேசமாட்டேன் என்று தகப்பனுக்குக் கொடுத்த சொல்லைத் தகப்பன் போன பிறகும் காத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் எங்கள் ஒரே மகளுக்கும் ஒரு கதவைச் சாத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

விருந்து தொடங்கியது. பிலோமினா எழுந்து நின்று, கண்களை மூடி, சற்று நீளமாகவே செபித்தாள். ஹெலனும் பிரையனும் தலைகுனிந்து பொறுமையாக இருந்தார்கள். முடிந்ததும் ஹெலன் தயங்கித் தயங்கி, "நீங்கள் இந்துக்கள் என்றல்லவா அகல்யா சொன்னாள்?" என்று கேட்டார். செபம் அவர்களுக்காகத்தான் என்று நான் விளக்கியபோது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன் தட்டை நான் நகர்த்தினேன். ஹெலன் கையெடுத்து மறுத்தார். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மரக்கறி மட்டுமே என்று லூக் சொல்லியிருந்தானாம். எங்களை மதித்து அவர்களும் காலையிலிருந்து மச்சம் தொடவில்லையாம். ஆக, அவர்களுக்காக நான் பொரித்த மீனை எனக்காக அவர்கள் உண்ணவில்லை.

"அப்ப உந்த மீன் ஆருக்கு?" என்றாள் பிலோமினா. "இஞ்சாலை தள்ளுங்கோ. நான்தானே இஞ்சை ஒரே வேதக்காரி."

என் கணவர் சிரிக்கவில்லை. அலுவலகத்து ஆங்கிலத்தில், எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்று பிரையனைக் கேட்டார். எதிலும் இல்லை என்றார் பிரையன். போவதில்லை என்பது விளங்குகிறது, ஆனால் எந்தச் சபை என்று இவர் மறுபடி கேட்டார். எதுவுமில்லை என்று அவர் மறுபடி சொன்னார். இவர் என் பக்கம் திரும்பி, "மனுசன் மழுப்புறார்," என்றார்.

"ஐயோ அப்பா, மழுப்பேல்லை! நத்திங் எண்டா நத்திங். எத்தினை தரம் சொன்னனான்?"

"ஓம் அங்கிள்," என்றான் லூக், தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் திரட்டி. "நத்திங்."

என் கணவர் கரண்டியை வைத்துவிட்டு நேராகவே கேட்டார்: என் மகள் மாறவேண்டுமா? பிரையனுக்குக் கேள்வி பிடிபடவில்லை. எதற்கு மாறவேண்டும், எதிலிருந்து எதற்கு என்று மெய்யாகவே குழம்பினார். அந்தக் குழப்பத்தைப் பார்த்த பிறகுதான் என் கணவரின் தோள்கள் இறங்கின. ஏன் இப்படிக் கேட்டோம் என்பதை நான் சொன்னேன். சாத்திய கதவைச் சொன்னேன்.

பிரையன் அதன் பிறகே தன் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனாருக்குப் பற்றிக் என்று பெயர், ஒரு சின்னப் பட்டினத்துக் கத்தோலிக்கர். அவருடைய மகன், அதாவது பிரையனின் தகப்பன், மெதடிஸ்த சபைப் பெண் ஒருத்தியை விரும்பினார். கலியாணம் தேவாலயத்துப் பீடத்தின் முன்னால் நடக்க அனுமதி கிடைக்கவில்லை. பின்னால் இருந்த சிறிய அறையில், யாருக்கும் தெரியாமல் எதையோ செய்வதுபோல முடித்தார்கள். பாட்டனார் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி வசித்தும், மருமகள் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் மாறி நடந்தார். "நான் அவரை ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்," என்றார் பிரையன். "அப்போது அவர் பெட்டிக்குள் இருந்தார்." அவருடைய பெற்றோர் பிறகு எந்தக் கோவிலுக்கும் போகவில்லை. "கடவுளோடு கோபமில்லை. எல்லோருக்கும் களைத்துவிட்டது."

ஒரு நாட்டில் அத்தனை பேர் சமயத்தை விட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சமயமின்மை என்பதை வெறுமை என்றே எண்ணியிருந்த எனக்கு, அது சிலருக்கு ஆறிய புண்ணின் தழும்பாகவும் இருக்கலாம் என்று அன்று தோன்றியது. தன் தாயார் இறந்தபோது குருவானவர் யாருமின்றிக் கடற்கரையில் கூடி, ஆளுக்கொன்றாக அவரைப் பற்றிச் சொல்லி, அவருக்குப் பிடித்த கேக்கைச் சாப்பிட்டோம் என்றார் ஹெலன். இறந்து எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைப் படைக்கும் எங்கள் எட்டுச் செலவை நினைத்துக்கொண்டேன். படைத்தது வேறு, துக்கம் ஒன்று.

அவர்கள் போன பிறகு, நான் கேளாமலே என் கணவர் தொலைபேசியை எடுத்து, மெல்பேர்ண் இலக்கத்தைச் சொல்லச் சொன்னார். அங்கே பகலாகிவிட்டிருந்தது. "அக்கா," என்றார். அந்த ஒரு சொல்லோடு கருவி என் கைக்கு வந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மச்சாள் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இதுக்கே பயந்தனீங்கள்? இஞ்சை என்ரை கோயிலிலை வந்து பாரும் மச்சாள். வெள்ளையளிலை வயது போனதுகள்தான். மிச்சம் முழுக்க பிலிப்பீனோவும் மலையாளியும் நாங்களும். என்ரை பிள்ளையள் ரெண்டும் நத்தாருக்குக்கூட எட்டிப் பாராதுகள்." பிறகு குரல் தணிந்தது. "எந்த வேதத்துக்காக அப்பா என்னைத் தள்ளி வைச்சாரோ, அதை என்ரை பிள்ளையள் ஒரு சண்டையுமில்லாமல் விட்டிட்டுதுகள். கோபிக்கிறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. தம்பி கூப்பிட்டா வாறன் எண்டு சொல்லும்."

தம்பி கூப்பிட்டார். ஆடி பிறக்குமுன் ஒரு நல்ல நாளில், பிள்ளையும் மாப்பிள்ளையும் மணவறையில் இருந்தார்கள். மச்சாள் முன்வரிசையில் பிலோமினாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கன்னிகாதானத்துக்கு முன் குருக்கள் இரு வீட்டாரின் கோத்திரத்தையும் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கேட்டார். மாப்பிள்ளைக்குக் கோத்திரம் இல்லையே என்று பிரையன் கலங்க, "அதுக்கென்ன, சிவகோத்திரம் எண்டு சொல்லுவம். பேரை மட்டும் பிழையில்லாமல் தாங்கோ," என்றார் குருக்கள்.

பூட்டன், பாட்டன், தகப்பன் என்று பெயர்கள் ஒலிபெருக்கியில் எழுந்தன. மந்திரத்தின் நடுவே, பிசகாத உச்சரிப்பில், பற்றிக் என்றார் குருக்கள். சில மூச்சுக்குப் பின் செல்லத்துரை என்றார். பிள்ளைகளின் கலியாணத்துக்கு வராத இரு முதியவர்களும், மறுக்க வழியின்றி, ஒரு கலியாணத்துக்குள் அழைத்து வரப்பட்டார்கள். யாருடைய சம்மதத்தையும் கேளாமல் எல்லோரையும் உள்ளே அழைத்துவிடும் அளவுக்கு அந்த வழக்கம் பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் மச்சாளைப் பார்த்தேன். தகப்பன் பெயர் காதில் விழுந்ததும், கனகாலப் பழக்கத்தில் அவர் வலக்கை நெற்றிக்குப் போயிற்று. அங்கிருந்து மார்புக்கு இறங்கியது. தோளுக்குப் போகவேண்டிய இடத்தில் ஒருகணம் அந்தரத்தில் நின்றது. பிறகு இடக்கையும் எழுந்து வந்து அதனோடு சேர, சிலுவையாகத் தொடங்கியது கும்பிடாக முடிந்தது.