வல்லை வெளியில் ஒரு போத்தல் மருந்து

கோப்பாயிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் பதின்மூன்று மைல். இதையும் ஒரு பயணமென்று எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கார் உள்ள வீட்டில் பத்து வருடமாகக் குடும்பம் நடத்தியும், அந்தக் காரின் முன்சீற்றில் ஒரு தடவைகூட இருந்து பார்க்காத ஒருத்திக்கு அது பயணந்தான். எங்கள் பழைய ஒஸ்ரின் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடும் கார். மாப்பிள்ளைமார், நோயாளிகள், கோயிலுக்குப் போவோர் என்று ஊரெல்லாம் அதில் ஏறியது. நான் சண்டிலிப்பாயில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போவதென்றால் பஸ்ஸில்தான் போவேன்.

இது எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம் நடந்தது. பெற்றோல் விலை ஏறியிருந்ததால், ஓடி வரும் காசு பெற்றோலுக்கே போய்க்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு கடை முதலாளி தம் கடைச் சாமான் ஏற்றும் வானுக்குச் சாரதி தேடினார். சாவகச்சேரியில் ஒருவர் எங்கள் காருக்கு விலை பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக இவர், என் கணவரைத்தான் சொல்கிறேன், வாக்குக் கொடுத்திருந்தார். கார் போனால் இவரும் கொழும்புக்குப் போவார். பிறகு மாதம் ஒருமுறை வந்துபோகும் விருந்தாளிதான். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் இராசரத்தினம் அண்ணை. வல்வெட்டித்துறைக்காரர், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். வரும்போது ஒரு பெட்டி நிறையச் சின்னப் போத்தல்கள் கொண்டுவந்திருந்தார். அதிலுள்ள சிவப்புத் தண்ணீரில் ஒரு மூடியைப் பெற்றோலில் விட்டால் ஆறில் ஒரு பங்கு மிச்சப்படும், புகையும் குறையும் என்று மேலே அச்சடித்திருந்தது. விலை பதினைந்து ரூபா.

"நம்பச் சொல்லேல்லைத் தம்பி. ஓடிப் பாத்திட்டு வாங்குங்கோ" என்றார்.

ஆறில் ஒரு பங்கு மிஞ்சினால் காரை விற்க வேண்டியதில்லை என்றார் இவர். எனக்கு அந்தப் போத்தலைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை அண்ணை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தாங்கியிலிருந்த பெற்றோலை வடித்தெடுத்து, ஒரு தகரத்தில் ஆறு போத்தல், அதாவது சரியாக ஒரு கலன், அளந்து ஊற்றினார்கள். தகரத்தை இடதுபக்க மட்கார்டின் மேல் கயிற்றால் கட்டி, அதிலிருந்து ஒரு றப்பர்க் குழாயைப் பொனற்றுக்குள்ளே எஞ்சினுக்கு விட்டார்கள். போகும்போது வெறும் பெற்றோல். திரும்பும்போது மருந்து விட்ட பெற்றோல். இதுதான் ஏற்பாடு.

"நீர் முன்னுக்கு இரும். ரியூப் கழண்டால் உடனை சொல்லும்" என்றார் இவர்.

இப்படியாகத் தகரத்துக்குக் காவலாக எனக்கு முன்சீற் கிடைத்தது. இருக்கிறதில் நல்ல சேலையைத்தான் உடுத்திருந்தேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். நீர்வேலி வாழைத்தோட்டங்கள் பனியில் நனைந்து நின்றன. பஸ் யன்னலால் எத்தனையோ தரம் பார்த்த தோட்டங்கள்தாம். முன்கண்ணாடியால் பார்க்கும்போது அவை நேரே நம்மிடம் வருகின்றன. புத்தூர் கடந்து, அச்சுவேலிச் சந்தையடியில் தேநீருக்கு நிறுத்தினோம். தேநீர் முப்பது சதம். வெங்காயக் கட்டோடு வந்த ஒருவர் தகரத்தையும் குழாயையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"என்ன, காருக்குச் சேலைன் ஏத்துறியளோ?"

"ஓம், ஆளுக்குக் கொஞ்சம் கடுமைதான்" என்றார் இவர்.

அச்சுவேலி தாண்டினால் வல்லை வெளி. வீடில்லை, மரமில்லை, இரண்டு பக்கமும் உவர் நிலமும் தண்ணீரும். தை மாதத்து வாடைக்காற்று எதிரே வந்து காரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. சைக்கிள்காரர்கள் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டினார்கள். இவர் கியரைக் குறைத்து, பாலம் தாண்டும்வரை மெல்ல ஓட்டினார். உடுப்பிட்டியில் மறுபடி மரங்கள். பிறகு வல்வெட்டித்துறையும் கடலும்.

அண்ணை வீட்டு முற்றத்தில் தகரத்தை இறக்கி அளந்தோம். மூன்று போத்தல் பெற்றோல் செலவு. புகையைப் பார்க்க, இவருடைய பழைய வேட்டியில் கிழித்த துண்டொன்றைச் சைலன்சர் வாயில் பிடித்தேன், கறுத்தது.

அண்ணையின் மனைவி பிட்டும் சுறா வறையும் வைத்திருந்தா. "கப்பலாலை வாறவை றேடியோ கொண்டருவினம். இந்த மனிசன் மருந்துப் போத்தில் கொண்டந்து அடுக்கி வைச்சிருக்குது. உதெல்லாத்தையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கோ பிள்ளை" என்று என்னிடம் சொன்னா. நான் வயிறார உண்டேன். நல்ல சகுனமாகத் தெரிந்தது.

பகல் ஒரு மணிக்கு, ஒரு கலன் நிரப்பி, ஒரு மூடி மருந்தும் விட்டுத் திரும்பினோம். கார் வேறு காராகிவிட்டது. வல்லை வெளியில் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓடியது. "பாத்தீரே, பாத்தீரே!" என்று இவர் ஸ்ரேறிங்கில் தாளம் போட்டார். சைக்கிள்காரர்கள் மிதிக்காமலே, காலை நீட்டிக்கொண்டு போனார்கள். பின்சீற்றில் அண்ணை மட்டும் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். உண்ட களை என்று நினைத்தேன்.

கோப்பாயில் அளந்தபோது செலவு இரண்டரைப் போத்தல். ஆறில் ஒரு பங்கு அப்படியே மிஞ்சியிருந்தது! இப்போது பிடித்த இரண்டாவது வேட்டித்துண்டு முந்தியதைவிட வெளுப்பாகத்தான் இருக்கிறது என்று இவர் சொல்ல, நானும் ஓம் என்றேன். பெட்டியோடு எல்லாப் போத்தலையும் வாங்குவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கையில் அண்ணை குறுக்கிட்டார்.

"தம்பி, சொன்னால் கோவியாதையுங்கோ. உது மருந்தின்ரை வேலையில்லை."

"பின்னை?"

"காத்து. போகேக்கை முகத்திலை அடிச்சது, வரேக்கை முதுகிலை பிடிச்சுத் தள்ளினது. சைக்கிள்காரர் மிதியாமல் போகேக்கையே எனக்கு விளங்கீட்டுது. என்ரை அப்பு பாய்மரத் தோணி ஓட்டின மனிசன். காத்தைப் போத்திலிலை அடைச்சு வித்தனெண்டால் கனவிலை வந்து உதைப்பர்."

இவர் அளந்த போத்தலை மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"என்னைக் கொண்டுபோய் விடத்தானே வேணும்? ஒரு கலன் நிரப்பி, எதிர்க்காத்திலை மருந்தோடை ஓடுவம். அப்பவும் இரண்டரை எண்டால் நான் சொன்னது பிழை."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. வாயை மூடிக்கொண்டு பதினைந்து ரூபாக்களை வாங்கிப்போயிருக்கக் கூடாதா? எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது நிம்மதியாக இருக்க விட்டிருக்கக் கூடாதா?

மூன்றாம் தடவை வல்லைக்கு வந்தபோது, காற்றைக் கொஞ்சம் நிறுத்தப்பா என்று சந்நிதி முருகனை வேண்டினேன். முருகனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். காற்று முன்னையைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அண்ணை வீட்டில் அளந்தோம். மறுபடி மூன்று போத்தல் செலவு.

மூன்று வேட்டித்துண்டுகளையும் வேலியில் போட்டுப் பார்த்தோம். எது மருந்துக்கு முந்தியது, எது பிந்தியது என்று பிடித்த எனக்கே தெரியவில்லை.

அண்ணை ஒரு போத்தலுக்கும் காசு வாங்கவில்லை. "ஒரு பெட்டியை என்ரை தலையிலை கட்டிப்போட்டாங்கள். நான் உங்கடை தலையிலை கட்டேலாது" என்றார். அவர் மனைவி எங்களுக்குத் தேநீர் தந்தா. என் கோபம் அங்கேயே போய்விட்டது, கவலைதான் மிஞ்சியது.

தகரத்தில் மிச்சம் மூன்று போத்தல் இருந்தது. டிக்கியில் கையிருப்பாக வைத்திருந்த இரண்டு போத்தல் பெற்றோலையும் இவர் அதில் ஊற்றினார். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாமே என்றேன். உடுப்பிட்டிப் பக்கம் திரும்ப வேண்டிய கார், கடற்கரை வீதியால் மேற்கே போனது.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?"

"கீரிமலைக்கு. முன்சீற்றிலை இருந்துகொண்டு காவலுக்கு மட்டுமோ வாறது?"

"பெற்றோல்?"

"அளந்தது காணும், இனிச் சும்மா ஓடுவம்."

தொண்டைமானாறு, மயிலிட்டி, காங்கேசன்துறை. வலப்பக்கம் முழுவதும் கடல். காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளியது. "மருந்து இப்பதான் பிடிக்குது" என்றார் இவர். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கீரிமலையில் கேணியடியில் இருந்து கடலை தின்றோம். "மாதம் ஒருக்கால் வருவன்" என்றார். கார் விலைப்படுகிறது, தாம் கொழும்புக்குப் போகிறார் என்பதை இவர் வாயால் சொன்னது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

தெல்லிப்பழை, சுன்னாகம் வழியாகத் திரும்பினோம். பொழுதுபடும் நேரம், எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையின் முகப்பு கண்ணில் பட்ட இடத்தில் கார் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. தகரத்தில் ஒரு சொட்டும் இல்லை. நான் கதவைத் திறந்தேன்.

"நீர் இறங்காதையும். இஞ்சாலை அரக்கி ஸ்ரேறிங்கைப் பிடியும். நான் தள்ளுறன்."

பிடித்தேன். இவர் பின்னாலிருந்து "வலத்தை, வலத்தை!" என்று கத்த, எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் பயந்து வேலியோடு ஒதுங்கினார். வாசல் படலையில் இடிக்காமல் முற்றத்துக்குள் திருப்பி நிறுத்தினேன்.

அடுத்த நாள் கார் சாவகச்சேரிக்குப் போய்விட்டது. அதைக் கடைசியாக வீட்டுக்கு ஓட்டிவந்து சேர்த்தவள் நான்தான்.