ஏரியில் விட்ட மலை ஆமை

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அந்த ஆமை வந்தது காலை ஆறே முக்காலுக்கு. இரவெல்லாம் மழை. கார் நிறுத்தும் இடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது. எதையும் அளந்து டைரியில் எழுதிவைப்பது என் வழக்கம். ஓட்டின் நீளம் இருபத்து நான்கு சென்டிமீட்டர். பழுப்பு மஞ்சளில் கருந்திட்டுகள். கால்கள் யானைக்கால் போல் உருண்டை. விரலிடையில் சவ்வு இல்லை. கண்ணைச் சுற்றி, அழுததுபோல், இளஞ்சிவப்பு.

பால் பாக்கெட் எடுக்க வந்த மனைவி பதறிவிட்டாள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. முதல்ல எடுத்துட்டுப் போங்க!"

"வீட்டுக்குள்ள வரலையே."

"வாசப்படி தாண்டினா என்ன, கேட் தாண்டினா என்ன? புகுந்தாச்சு."

எனக்குத் தெரிந்த ஆமை ஒன்றுதான், தண்ணீரில் இருப்பது. பக்கெட்டில் வைத்து ஏரிக்குக் கொண்டுபோய்க் கரைச்சரிவில் இறக்கினேன். தண்ணீர் பட்டதும் திரும்பி மேலே ஏறியது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், உங்க ஆமைக்கு ஜலதோஷமா? தண்ணிய கண்டா ஓடுது. தள்ளி உடு சார்!"

சிரித்தேன். இரண்டு கையாலும் தூக்கி, ஆழமான மதகுப் பக்கம் விட்டேன். ஒருமுறை கழுத்தை நீட்டி மேலே வந்தது. பிறகு குமிழிகள். நீந்திப் போய்விட்டது என்று நினைத்தேன். '7.20, ஏரியில் விடப்பட்டது' என்று எழுதி முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, பின் தெருக்காரர் ஒருவர் கேட் அருகே நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், ஆமை ஏதாவது கண்ல பட்டுச்சா? வெளில சொல்லாதீங்க, வீட்ல வச்சிருக்கறதே தப்பு. வால்பாறை ரோட்டுல ஓடு விரிசல் விட்டுக் கெடந்துச்சு. மனசு கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப ஆறிடுச்சு. ஞாயித்துக்கெழம அந்தக் காட்டுலயே விட்டுடலாம்னு இருந்தேன்."

"ஏரிக்குப் போயிருக்கும்."

"போகாது சார். இது மலை ஆமை. இப்படி ஒண்ணு இருக்கறதே நெறய பேருக்குத் தெரியாது. காளான், உதிர்ந்த பழம்னு தின்னுட்டுக் காட்டுத் தரையிலயே கெடக்கும். ஆழத் தண்ணில போட்டா கல்லு மாதிரி முழுகிடும்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கலையே" என்றேன்.

அவர் போனதும் டைரியை எடுத்தேன். சவ்வு இல்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பார்த்ததையெல்லாம் பிழையில்லாமல்தான் எழுதியிருந்தேன்.

இப்போது மதகருகே குமிழி எழுந்தால் என் கால் நின்றுவிடுகிறது. மீன்தான். தெரியும். ஆனாலும் அடுத்த குமிழி வரும்வரை நகர முடிவதில்லை.

அவர் இன்னும் தேடுகிறார். "மெதுவாப் போற ஜீவன் சார், இந்தப் பக்கமேதான் எங்கயாவது இருக்கும்" என்று, மழை பெய்த காலைகளில் என்னையும் கூப்பிடுகிறார். போகிறேன். எதிரிலுள்ள காலி மனையில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குனிந்து சருகுகளை விலக்கிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்கும்படி சொல்கிறேன்: "இங்க இல்லை சார்."