சாமுண்டீஸ்வரி கவிழ்க்கும் டின்

கண்ணாடிக் குடுவையின் வாயில் பலூனை மாட்டி, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறார் சாமுண்டீஸ்வரி. உள்ளே காற்று சூடாகி விரிய, துவண்டு கிடந்த பலூன் மெல்லத் தலைதூக்குகிறது. "எந்திரிச்சிட்டியா? கிளாசுக்கு இன்னும் ரெண்டு பீரியட் இருக்கு, படு" என்று குடுவையைப் பனிக்கட்டித் தண்ணீருக்கு மாற்றுகிறார். பலூன் சுருங்கிப் படுத்துக்கொள்கிறது. அவர் பேச்சைக் கேட்க அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் உயர்நிலைப்பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர் அவர். வாயுக்களைப் பற்றிய பாடம் வந்தால், எல்லாச் சோதனைகளையும் காலையிலேயே தனியாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு அனுப்புவார். "அங்க போய்ச் சொதப்பினா டீச்சருக்குத்தான மானக்கேடு" என்பார். ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து இழுத்தால் உப்பும், தள்ளினால் சுருங்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயைக்கூட ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்குவார். சோதனை முடிந்ததும் மிச்சத்தை எந்தப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

ஆனால் அந்தப் பிள்ளைகளின் "வாவ்" இருபத்திரண்டு வருடமாகச் சுவர் வழியாகத்தான் அவருக்குக் கேட்கிறது. தள்ளுவண்டியில் சாமான்கள் திரும்பி வரும், கழுவி வைப்பார். செங்காங் வீட்டிலும் பேச ஆளில்லை. ஒரு தடவையாவது தான் செய்வதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் கொள்ளை ஆசை. கேட்கத்தான் கூச்சம்.

போன புதன்கிழமை, அறிவியல் ஆசிரியர் ரிஸ்வான் பூப்பந்து விளையாடிச் சுளுக்கிய வலக்கையில் கட்டுடன் வந்து நின்றார்.

"அக்கா, இந்தக் கையோட சுடுற டின்னை இடுக்கியில பிடிச்சுத் தூக்க முடியாது. இன்னிக்கு நீங்களே செஞ்சு காட்டிடுங்க லா."

சாமுண்டீஸ்வரி கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வகுப்புக்குள் போனார். குளிர்பான டின்னில் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினார். ஆவி நிறைந்து வெளியே வந்ததும் இடுக்கியால் தூக்கி, பனித்தண்ணீரில் சட்டென்று கவிழ்த்தார். உள்ளே ஆவி குளிர்ந்து தண்ணீராக, வெளிக்காற்றின் அழுத்தம் டின்னை அப்பளமாக நொறுக்கியது. தனியாகவே செய்து பழகியவருக்கு "இதோ பாருங்க" என்று சொல்லத் தோன்றவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் சத்தம் கேட்டுத் தலைநிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் முகம் சுண்டிப் போயிற்று. நசுங்கிய டின்னை எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டார்.

முன்வரிசையில் ருக்சார் என்ற மாணவி கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, நாங்க யாருமே பாக்கல. ஒன்ஸ் மோர், ப்ளீஸ்."

இன்னொரு டின் அடுப்பேறியது. ஆவி வந்தது. தூக்கிய கையோடு கவிழ்க்காவிட்டால் ஆறிவிடும், பிறகு எவ்வளவு பனித்தண்ணீரில் முக்கினாலும் நசுங்காது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றே பார்த்தார்கள். டின்னின் வாயில் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. சாமுண்டீஸ்வரி டின்னை இடுக்கியில் உயர்த்திப் பிடித்தபடி, கவிழ்க்காமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.